பிளஸ் ஒன்னில் எந்தக் குரூப் எடுத்தால் சமாளிக்க முடியும்?

கேள்வி: என் மகள் அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்துப் பத்தாம் வகுப்பில் 418 எடுத்திருக்கிறாள். தமிழ் 84, ஆங்கிலம் 73, கணிதம் 78, அறிவியல் 91, சமூக அறிவியல் 92. அடுத்து என்ன என்று இன்னும் முடிவாகவில்லை. "பயோ-மேத்ஸ் போட்டுவிட்டால் டாக்டர், இன்ஜினியர் இரண்டுக்கும் வழி இருக்கும்" என்று சொந்தக்காரர்கள் சொல்கிறார்கள். அவள் ஒரு நாள் காமர்ஸ் என்கிறாள், மறுநாள் கம்ப்யூட்டர் சயின்ஸ் என்கிறாள். ஆங்கில வழித் தனியார் பள்ளிக்கு மாற்றலாமா என்றும் யோசிக்கிறோம். எதை எடுத்தால் அவளால் சமாளிக்க முடியும்?

பதில்:

"எது நல்ல குரூப்" என்று கேட்காமல் "எதைச் சமாளிக்க முடியும்" என்று கேட்டிருக்கிறீர்கள். இதற்குக் கணக்குப் போட்டுப் பதில் சொல்லலாம். உங்கள் சொந்தக்காரர்களின் பயோ-மேத்ஸ் யோசனையிலிருந்தே தொடங்குகிறேன். தமிழ்நாட்டில் அதிகம் பேர் சொல்வதும் அதுதான், அதிகம் பிள்ளைகள் திணறுவதும் அதில்தான்.

பிளஸ் டூவில் ஆறு பாடம், ஒவ்வொன்றும் 100, மொத்தம் 600. தமிழும் ஆங்கிலமும் எல்லோருக்கும் பொது. பயோ-மேத்ஸ் என்றால் மீதி நான்கும் கணிதம், இயற்பியல், வேதியியல், உயிரியல். இந்த நான்கு மதிப்பெண்ணும் எங்கே போய்ச் சேருகின்றன என்று பாருங்கள். அண்ணா பல்கலைக்கழகம் சார்ந்த பொறியியல் கலந்தாய்வில் கட்-ஆஃப் 200க்கு: கணிதம் 100 அப்படியே, இயற்பியல் பாதியாகி 50, வேதியியல் பாதியாகி 50. உயிரியல் அதில் கிடையாது. மருத்துவத்துக்கு நீட் மதிப்பெண்தான் தரவரிசை: 180 கேள்வி, 720 மதிப்பெண். இயற்பியல் 45, வேதியியல் 45, உயிரியல் 90 கேள்விகள். அதில் கணிதம் கிடையாது. ஆக, பயோ-மேத்ஸ் எடுத்த பிள்ளை எந்தப் பக்கம் போனாலும், இரண்டு வருடம் உழைத்த ஒரு பெரிய பாடம் அந்தச் சீட்டுக்குக் கணக்கில் வராது. இரண்டு கதவையும் திறந்து வைப்பதற்கு இந்த விலையைக் கொடுத்தாக வேண்டும். கொடுக்கக் கூடிய பிள்ளைகள் இருக்கிறார்கள். ஆனால் கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுக்க வேண்டும்.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்கிறேன். பயோடெக்னாலஜி, பயோமெடிக்கல் இன்ஜினியரிங் பெயரைக் கேட்டு உயிரியல் வேண்டும் என்று நினைப்பவர்கள் பலர். பொறியியல் கலந்தாய்வு வழியாகச் சேர்ந்தால் அவற்றுக்கும் கணிதம், இயற்பியல், வேதியியல்தான் கட்-ஆஃப். அதேபோல, பி.இ. கம்ப்யூட்டர் சயின்ஸ் சேரப் பிளஸ் டூவில் கணினி அறிவியல் படித்திருக்க வேண்டியதில்லை. கல்லூரியில் முதல் வருடம் அடியிலிருந்துதான் சொல்லித் தருவார்கள்.

இப்போது நேரக் கணக்கு. பள்ளி விட்டு வந்து ஒரு பிள்ளை ஒழுங்காக உட்கார்ந்து படிக்கக் கூடியது தினம் இரண்டரை மணி என்று வையுங்கள். சனி, ஞாயிறு தலா ஐந்து மணி. வாரத்துக்கு 22½ மணி. இதற்கு மேல் காகிதத்தில் எழுதலாம், பத்து மாதம் தொடர்ந்து நடக்காது. பாடங்களுக்கு வீட்டில் தேவைப்படும் நேரத்தைச் சுமாராகக் கற்கும் பிள்ளையை வைத்து நான் போடும் மதிப்பீடு இது: கணிதம் 7 மணி, இயற்பியல் 5½, வேதியியல் 4½, உயிரியல் 5, தமிழும் ஆங்கிலமும் தலா 1½. கூட்டினால் 25. நீட் பயிற்சி எதுவும் சேர்க்காமலே இரண்டரை மணி இடிக்கிறது. நீட்டும் சேர்ந்தால் வாரம் பத்து மணிக்குக் குறையாது. அந்த நேரம் எங்கிருந்து வரும்? முதலில் தமிழிலிருந்தும் ஆங்கிலத்திலிருந்தும் எடுப்பார்கள், பிறகு தூக்கத்திலிருந்து, கடைசியாகக் கணிதத்திலிருந்து. காலாண்டுத் தேர்வு வரை சமாளித்து அரையாண்டில் சரிகிற பிள்ளைகளிடம் பெரும்பாலும் இந்த வரிசையைத்தான் பார்க்கலாம்.

அதே மதிப்பீட்டில் உயிரியலுக்குப் பதில் கணினி அறிவியல் என்றால் அதற்கு 2½ மணி போதும், மொத்தம் 22½. கச்சிதமாக நிற்கிறது. பதினொன்றில் சி++, பன்னிரண்டில் பைத்தானும் மைஎஸ்கியூஎல்லும். நிரலை எழுதி ஓட்டிப் பார்த்துப் படித்தால் சுலபம், மனப்பாடம் செய்தால் கஷ்டம். ப்யூர் சயின்ஸ் (இயற்பியல், வேதியியல், தாவரவியல், விலங்கியல்) ஏறக்குறைய 21½. காமர்ஸில் வணிகக் கணிதம் உள்ள பிரிவு என்றால் கணக்குப்பதிவியல் 5½, வணிகவியல் 3½, பொருளியல் 3, வணிகக் கணிதம் 5, மொழிகள் 3, ஆக 20. வணிகக் கணிதத்துக்குப் பதில் கணினி பயன்பாடுகள் என்றால் 17½. உங்கள் மகளின் வேகத்துக்கு இந்த எண்கள் கூடலாம், குறையலாம். குரூப்புகளுக்கு இடையே இருக்கும் இடைவெளி பெரிதாக மாறாது.

மிச்சமாகும் நேரம் எங்கே பயன்படும் என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு. கணிதம் 80, இயற்பியல் 84, வேதியியல் 86 என்றால் கட்-ஆஃப் 80 + 42 + 43 = 165. கணிதத்தில் பத்து மதிப்பெண் கூடினால் 175. இயற்பியலில் அதே பத்து கூடினால் 170தான். பொறியியல் போக நினைக்கும் பிள்ளைக்குக் கணிதத்தின் ஒரு மதிப்பெண் இயற்பியலின் இரண்டுக்குச் சமம். உயிரியலில் செலவாகும் ஐந்து மணியில் இரண்டை மட்டும் கணிதத்துக்குத் திருப்பினாலே நிலைமை வேறு.

இனி உங்கள் மகளின் மதிப்பெண்ணுக்கு வருவோம். மதிப்பெண் பட்டியலில் இருக்கும் எண்களை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள்.

அறிவியல் 91 என்பதில் 25 செய்முறைக்கு. அதை முழுதாக வாங்கியிருப்பாள், பெரும்பாலும் எல்லோரும் வாங்குவார்கள். எழுத்துத் தேர்வில் 75க்கு 66 என்று ஆகிறது. நல்ல மதிப்பெண்தான். ஆனால் பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தின் 23 பாடங்களில் முதல் ஆறு இயற்பியல், அடுத்த ஐந்து வேதியியல், அதற்கடுத்த பதினொன்று உயிரியல். புத்தகத்தில் பாதி உயிரியல் என்பதால், இயற்பியல் கணக்குகளை விட்டுவிட்டே ஒரு பிள்ளை 85க்கு மேல் வாங்கிவிட முடியும். பதினொன்றில் அப்படி விட முடியாது. அவள் எழுதிய அரையாண்டு, திருப்புதல் தேர்வுத் தாள்களை எடுத்துப் பாருங்கள். பள்ளியில் கேட்டால் கிடைக்கலாம். ஒளியியல், மின்னியல், 'அணுக்களும் மூலக்கூறுகளும்' பாடக் கணக்குகளில் மதிப்பெண் போயிருந்தால், 91 என்பது உயிரியலின் பலம். அது ப்யூர் சயின்ஸ் பக்கம் கை காட்டுகிறது.

கணிதம் 78இலும் இதே போல ஒன்று ஒளிந்திருக்கிறது. பத்தாம் வகுப்பு வினாத்தாளில் ஒரு மதிப்பெண் வினா 14, இரண்டு மதிப்பெண் வினா 10, ஐந்து மதிப்பெண் வினா 10, எட்டு மதிப்பெண் வினா 2. கடைசி இரண்டும் வடிவியல் வரைதலும் வரைபடமும். கையைப் பழக்கிக்கொண்ட பிள்ளைக்கு அந்த 16 உறுதி. அதைக் கழித்தால் மீதி 84க்கு 62, அதாவது முக்கால் பங்குக்குச் சற்றுக் கீழே. பிளஸ் ஒன் கணிதத்தில் அந்த வரைதல் வினாக்கள் இல்லை. சார்புகள், முக்கோணவியல், ஈருறுப்புத் தேற்றம், வெக்டர், எல்லை, வகையிடல், தொகையிடல் என்று பன்னிரண்டு அத்தியாயம். பத்தாம் வகுப்பில் 78 எடுத்த பிள்ளைக்கு இது முடியாது என்று நான் சொல்லவில்லை. முடியுமா என்று 78ஐ வைத்துத் தெரிந்துகொள்ள முடியாது என்கிறேன். சோதித்துப் பார்த்துவிடலாம்.

தமிழ்நாட்டுப் பாடநூல் மற்றும் கல்வியியல் பணிகள் கழகத்தின் பிளஸ் ஒன் புத்தகங்கள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. ரிசல்ட்டுக்கும் பள்ளி திறப்புக்கும் நடுவே இருக்கும் நாட்களில் பன்னிரண்டை எடுங்கள்.

முதல் நான்கு நாள் கணிதம்: இரண்டாவது அத்தியாயமான அடிப்படை இயற்கணிதம். சமனிலிகள், மடக்கை, பகுதி பின்னங்கள் ஆகிய மூன்று பகுதி போதும். எடுத்துக்காட்டுக் கணக்குகளை யாராவது ஒருமுறை விளக்கட்டும்; தெரிந்த அக்கா, அண்ணன் யாரானாலும் சரி. பிறகு பயிற்சியிலிருந்து பத்துக் கணக்கு, ஒன்றரை மணி நேரம், விடையைப் பார்க்காமல். ஆறுக்கு மேல் சரியானால் கணிதம் எடுக்கலாம். நான்கோ ஐந்தோ என்றால், எங்கே தடுக்கிறது என்று பாருங்கள். குறியைத் தப்பாகப் போடுவது, காரணிப்படுத்தத் திணறுவது என்றால் அது ஒன்பது, பத்தாம் வகுப்பு ஓட்டை; ஒரு மாதத்தில் அடைத்துவிடலாம். கேள்வி என்ன கேட்கிறது என்றே புரியவில்லை என்றால் கணிதம் உள்ள அறிவியல் குரூப் இரண்டு வருடமும் அழுத்தும்.

அடுத்த மூன்று நாள் இயற்பியல், இரண்டாவது அலகான இயக்கவியல். அதற்கடுத்த இரண்டு நாள் வேதியியல் முதல் அலகு. அதில் மோல் கணக்குகளை மட்டும் செய்யட்டும். மோல் பிடிபடாத பிள்ளைக்கு வேதியியல் முழுக்க மனப்பாடமாகிவிடுகிறது. கடைசி மூன்று நாளில் அவளே காமர்ஸ் என்றாளே, கணக்குப்பதிவியல் புத்தகத்தைக் கொடுங்கள். பற்று, வரவு விதிகளைப் படித்துவிட்டு இருபது நடவடிக்கைகளுக்குக் குறிப்பேட்டுப் பதிவு எழுதச் சொல்லுங்கள். இதில் விசேஷம் என்னவென்றால், கணக்குப்பதிவியல் சிலருக்கு இரண்டாம் நாளே விளையாட்டு மாதிரி ஆகிவிடும், சிலருக்குக் கடைசி வரை எது பற்று எது வரவு என்று குழம்பும். பத்தாம் வகுப்புப் பாடங்களில் இதற்கு முன்மாதிரி கிடையாது என்பதால், செய்து பார்க்காமல் யாராலும் சொல்ல முடியாது. எந்த நாளில் அவள் நேரம் போவது தெரியாமல் உட்கார்ந்திருந்தாள் என்பதையும் குறித்து வையுங்கள். அதற்கும் மதிப்பெண் உண்டு.

இனி எந்தக் கதவு உண்மையிலேயே மூடும், எது மூடுவது போலத் தெரிகிறது என்பது.

கணிதம் எடுக்காவிட்டால் மூடுவது: பொறியியல் கலந்தாய்வு வழியாகச் சேரும் பி.இ., பி.டெக்., பி.ஆர்க்., பி.எஸ்சி. கணிதம், புள்ளியியல், பெரும்பாலான கல்லூரிகளில் பி.எஸ்சி. இயற்பியல். ராணுவ அதிகாரிப் பயிற்சிக்கான என்.டி.ஏ. தேர்வில் விமானப்படை, கடற்படைப் பிரிவுகளுக்குக் கணிதம், இயற்பியல், வேதியியல் மூன்றும் வேண்டும். தரைப்படைக்கு எந்தப் பாடமானாலும் சரி. காமர்ஸில் இருக்கும் வணிகக் கணிதத்தைப் பொறியியல் கலந்தாய்வில் கணிதமாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். இது தெரியாமல் "கணக்கும் இருக்கிறதே" என்று சேர்ந்துவிட்டுப் பிறகு வருந்துபவர்கள் உண்டு. ஆனால் பி.சி.ஏ., பி.எஸ்சி. கணினி அறிவியல் போன்றவற்றுக்குப் பல கல்லூரிகளில் வணிகக் கணிதமோ கணினிப் பாடமோ செல்லுபடியாகும். கல்லூரிக்குக் கல்லூரி வித்தியாசம் இருப்பதால் நீங்கள் நினைக்கும் இரண்டு மூன்று கல்லூரிகளின் விவரக் குறிப்பை இப்போதே பார்த்துவிடுங்கள்.

உயிரியல் எடுக்காவிட்டால் மூடுவது: எம்.பி.பி.எஸ்., பல் மருத்துவம், சித்தா முதலிய இந்திய மருத்துவப் படிப்புகள், கால்நடை மருத்துவம், பி.எஸ்சி. நர்சிங், பிசியோதெரபி. பி.ஃபார்ம். மட்டும் விதிவிலக்கு, அதற்கு உயிரியல் அல்லது கணிதம் ஏதாவது ஒன்று போதும். இந்தக் கதவுக்கு ஒரு பின்வாசலும் உண்டு. பிளஸ் டூ முடித்த பிறகு அங்கீகரிக்கப்பட்ட வாரியத்தில் உயிரியலைக் கூடுதல் பாடமாக எழுதித் தேறியவர்களும் நீட் எழுதலாம் என்று தேசிய மருத்துவ ஆணையம் 2023 நவம்பரில் அறிவித்தது. தேசியத் திறந்தநிலைப் பள்ளி மூலமாக எழுத முடியும். இதை முதல் திட்டமாக வைக்காதீர்கள், ஏறக்குறைய ஒரு வருடம் கூடுதலாகப் போகும். ஆனால் "உயிரியல் எடுக்காவிட்டால் டாக்டர் கனவு அவ்வளவுதான்" என்று யாராவது பயமுறுத்தினால், அது இன்று உண்மை இல்லை என்று தெரிந்திருப்பது நல்லது.

எந்தக் குரூப்புக்கும் மூடாதவை நிறைய: சட்டம், பி.ஏ. படிப்புகள், ஆசிரியர் பயிற்சி, டி.என்.பி.எஸ்.சி., யு.பி.எஸ்.சி., சி.ஏ. எல்லாம் இதில் அடங்கும். சி.ஏ. ஃபவுண்டேஷனுக்குக் காமர்ஸ் கட்டாயமில்லை, ஆனால் கணக்கியல், வணிகச் சட்டம், பொருளியல் எல்லாம் தேர்வில் வருவதால் காமர்ஸ் பிள்ளைக்குப் பாதி வேலை முடிந்திருக்கும். அவளுக்குச் சமூக அறிவியலில் 92 என்பதையும் நினைவில் வையுங்கள். பொருளியல் அவளுக்குப் பிடிக்க வாய்ப்பு உண்டு. பொருளியலில் மேலே போக நினைத்தால் கணிதம் கைவசம் இருப்பது நல்லது. டெல்லிப் பல்கலைக்கழகத்தின் பொருளியல் ஹானர்ஸுக்குக் கணிதம் கேட்கிறார்கள். அரசு கலை அறிவியல் கல்லூரிகளில் பெரும்பாலான பாடங்களுக்கு மொழி நீங்கலான நான்கு பாடங்களின் 400 மதிப்பெண்ணை வைத்துத்தான் தரவரிசை. அங்கே, நான்கிலும் 70 வாங்கிய பயோ-மேத்ஸ் பிள்ளையை விட, தனக்குப் பொருந்திய குரூப்பில் நான்கிலும் 90 வாங்கிய பிள்ளை 80 மதிப்பெண் முன்னால் நிற்கும்.

ப்யூர் சயின்ஸ் பற்றி ஒரு எச்சரிக்கை. கணிதம் இல்லை என்பதால் இயற்பியல் சுலபமாகிவிடாது. சைன், கோசைன், வெக்டர், கொஞ்சம் வகையிடல், தொகையிடல் இல்லாமல் பிளஸ் ஒன் இயற்பியல் நகராது. இயக்கவியல் அலகிலேயே அந்தக் கருவிகளைச் சுருக்கமாகக் கொடுத்திருக்கிறார்கள். கணிதக் குரூப் பிள்ளைகள் அதைக் கணித வகுப்பிலும் படிப்பார்கள், ப்யூர் சயின்ஸ் பிள்ளைகளுக்கு அந்தச் சில பக்கங்கள்தான். ஜூன் மாதத்தில் இரண்டு வாரம் ஒதுக்கி அதை மட்டும் ஊன்றிப் படித்துவிட வேண்டும். நீட்டில் இயற்பியல்தான் பிள்ளைகளைக் கீழே இழுப்பது, காரணமும் பெரும்பாலும் இதுதான்.

சமாளிப்பது என்றால் குறைந்தபட்சம் எது என்றும் தெரிந்திருக்கட்டும். செய்முறை உள்ள பாடங்களில் எழுத்து 70, செய்முறை 20, அகமதிப்பீடு 10. எழுத்தில் 15ஆவது எடுத்து மொத்தத்தில் 35 வந்தால் தேர்ச்சி. செய்முறை இல்லாத பாடங்களில், அதாவது கணிதம், வணிகவியல், கணக்குப்பதிவியல், பொருளியல், மொழிகள் இவற்றில், எழுத்து 90, அகமதிப்பீடு 10. எழுத்தில் 25 வேண்டும், மொத்தம் 35. கணிதம் செய்முறையே இல்லாத பாடம் என்பதைக் கவனியுங்கள். இயற்பியலில் சரிந்தாலும் செய்முறை தாங்கும், கணிதத்தில் தாங்க எதுவும் இல்லை. அறிவியல் குரூப்பில் பொறியியலுக்கு அதிக எடையுள்ள பாடமும் அதுதான், தவறி விழுந்தால் பிடிமானம் இல்லாத பாடமும் அதுதான்.

இன்னொரு புது ஆபத்து. 2017-18இல் தொடங்கிய பிளஸ் ஒன் பொதுத்தேர்வு, 2025-26 கல்வியாண்டு முதல் நிறுத்தப்பட்டுவிட்டது. பிள்ளைகளுக்கு மூச்சு விட நேரம் கிடைத்தது நல்லதுதான். ஆனால் சில இடங்களில் பிளஸ் ஒன் பாடத்தை மேலோட்டமாக ஓட்டிவிட்டு நேராகப் பிளஸ் டூ பாடத்துக்குப் போகும் பழக்கம் திரும்பவும் வரக் கூடும். அறிவியல் குரூப் பிள்ளைக்கு அது பெரிய நஷ்டம். நீட், ஜே.இ.இ. இரண்டிலும் பதினொன்றாம் வகுப்புப் பாடம் ஏறக்குறைய பாதி. பிளஸ் ஒன்னில் வகையிடல் கைவராத பிள்ளைக்குப் பிளஸ் டூ கணிதத்தில் வகைநுண்கணிதப் பயன்பாடு, தொகையிடல் பயன்பாடு, வகைக்கெழுச் சமன்பாடு என்று அத்தியாயம் அத்தியாயமாக அடி விழும். முதல் வருடப் பாடத்தை முழுதாக நடத்துகிறார்களா என்று சேர்ப்பதற்கு முன் கேளுங்கள். கேட்பதில் தவறே இல்லை.

தனியார் ஆங்கில வழிப் பள்ளிக்கு மாற்றும் யோசனைக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் எனக்கு அதிகம் கவலை தந்த வரி இதுதான்.

ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவத்தில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020இல் வந்தது. 2021இல் அது பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் போன்ற தொழிற்படிப்புகளுக்கும் நீண்டது. உங்கள் மகள் இதுவரை ஐந்து வருடம் கணக்கில் சேர்த்திருக்கிறாள். இன்னும் இரண்டு வருடம் பாக்கி. பிளஸ் ஒன்னுக்குத் தனியார் பள்ளிக்குப் போனால் அந்த ஐந்து வருடமும் கணக்கில் வராமல் போய்விடும். கல்லூரியில் சேரும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டத்துக்கும் இதே போல ஆறு முதல் பன்னிரண்டு வரை என்ற நிபந்தனைதான் (அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களையும் பின்னர் சேர்த்தார்கள்). மாநில அரசு வேலையில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கு 20 சதவீத முன்னுரிமை இருக்கிறது. சட்டத் திருத்தத்துக்குப் பிறகு அதற்குப் பள்ளி முதலே தமிழ் வழியில் படித்திருக்க வேண்டும். நடுவில் இரண்டு வருடம் ஆங்கில வழி என்றாலும் அதை இழப்பாள்.

சலுகைகளை விட்டுவிட்டுப் படிப்பை மட்டும் பார்த்தாலும், வழி மாறுவது என்பது மதிப்பெண் இல்லாத ஏழாவது பாடம். உந்தம், முடுக்கம், இணைதிறன், ஒளிச்சேர்க்கை என்று பத்து வருடம் படித்த சொல்லையெல்லாம் புதிதாகக் கற்க வேண்டும். கணிதத்தில் இந்தச் சுமை குறைவு, குறியீடு எந்த வழியிலும் ஒன்றுதான். இயற்பியலில் நடுத்தரம். உயிரியலில் மிக அதிகம், அந்தப் பாடமே சொற்களால் ஆனது. ஆங்கிலத்தில் 73 எடுத்த பிள்ளையை ஒரே ஜூன் மாதத்தில் புதுப் பள்ளி, புது வழி, பயோ-மேத்ஸ் மூன்றிலும் தள்ளுவது வேண்டவே வேண்டாம். கல்லூரியில் ஆங்கிலம் வரும் என்பது உண்மையான கவலைதான். அதற்குத் தமிழ் வழியிலேயே படித்துக்கொண்டு, ஒவ்வொரு பாடத்தின் கலைச்சொல்லுக்கும் பக்கத்தில் ஆங்கிலச் சொல்லை ஒரு நோட்டில் எழுதி வரட்டும். தினம் ஐந்து சொல் என்றால் இரண்டு வருடத்தில் மூவாயிரத்துக்கு மேல் சேரும்.

இவ்வளவையும் வைத்து உங்கள் மகளுக்கு எனக்குத் தோன்றுவது: பள்ளி மாறாமல், தமிழ் வழியிலேயே இருக்கட்டும். பன்னிரண்டு நாள் சோதனையில் கணிதம் ஆறுக்கு மேல் வந்து, இயக்கவியலும் கைக்கு வந்தால், கணிதம், இயற்பியல், வேதியியல், கணினி அறிவியல். கணிதம் தடுமாறி, பழைய விடைத்தாளில் உயிரியல் பலமாகத் தெரிந்து, மருத்துவமனை சார்ந்த வேலையில் அவளுக்கே விருப்பம் இருந்தால், ப்யூர் சயின்ஸ். அதில் எம்.பி.பி.எஸ். மட்டும் இலக்கில்லை, நர்சிங், பிசியோதெரபி, வேளாண்மை எல்லாம் சேர்த்துத்தான் சொல்கிறேன். குறிப்பேட்டுப் பதிவில் அவள் முகம் மலர்ந்தால், யோசிக்காமல் காமர்ஸ். வணிகக் கணிதம் உள்ள பிரிவாகப் பார்த்துச் சேருங்கள். "சயின்ஸ் கிடைக்காதவர்கள்தான் காமர்ஸ்" என்ற பேச்சைக் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். 418 எடுத்துவிட்டுக் காமர்ஸா என்று கேட்பவர்கள் யாரும் அவளோடு இரவில் உட்கார்ந்து படிக்கப் போவதில்லை. பயோ-மேத்ஸை அவளுக்கு நான் சொல்ல மாட்டேன், ஒரே ஒரு நிலையைத் தவிர: கணிதச் சோதனையில் எட்டுக்கு மேல் வந்து, அவளே உயிரியலும் வேண்டும் என்று கேட்டால்.

பள்ளிக்குப் போகும் அன்று மூன்று விஷயம் விசாரியுங்கள். நீங்கள் நினைக்கும் குரூப் அந்தப் பள்ளியில் தமிழ் வழியில் இருக்கிறதா. எல்லாப் பள்ளியிலும் எல்லாக் குரூப்பும் இருக்காது. அந்த நான்கு பாடத்துக்கும் முதுகலை ஆசிரியர் இப்போது பணியில் இருக்கிறாரா, இடம் காலியாக இருக்கிறதா. இது மிக முக்கியம். இயற்பியலுக்கோ கணக்குப்பதிவியலுக்கோ ஆசிரியர் இல்லாத பள்ளியில் நான் மேலே போட்ட மணிக்கணக்கு எதுவும் நிற்காது. அந்த நிலை என்றால், பக்கத்து ஊரில் அதே குரூப் உள்ள வேறு அரசு மேல்நிலைப் பள்ளியைப் பாருங்கள். அரசுப் பள்ளியிலிருந்து அரசுப் பள்ளிக்கு மாறினால் 7.5 சதவீதத்துக்குப் பாதகமில்லை. மூன்றாவது, குரூப் மாற்ற வேண்டுமானால் எந்தத் தேதி வரை முடியும் என்று தலைமையாசிரியரிடம் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். மாணவர் பட்டியல் இறுதியாவதற்கு முன், அந்தக் குரூப்பில் இடமும் இருந்தால், பொதுவாக மாற்றித் தருவார்கள். பாடம் தொடங்கிய நான்காவது வாரம் அவளிடம் உட்கார்ந்து பேசுங்கள். எந்தப் பாட நோட்டைத் திறக்கவே தயங்குகிறாள் என்று பாருங்கள். ஒரு பாடத்தில் மட்டும் சிரமம் என்றால் உதவி தேடுங்கள், இரண்டில் என்றால் அந்தத் தேதிக்குள் மாற்றிவிடுங்கள்.